வலப்பக்கம் பார்த்தீர்களா?

பின்னிருக்கையில் அமர்ந்து, எஞ்சின் இல்லாமல் மேலெழும் காற்றில் மிதக்கும் விமானமான கிளைடரைக் கற்றுக்கொடுப்பவருக்கு முன்னால் இருப்பவரின் கண்கள் தெரிவதில்லை. தொப்பியின் பின்புறமும் தோள்களும்தான் தெரியும். கலிபோர்னியாக் கடற்கரையில் டாரி பைன்ஸ் மணற்கல் முகட்டை ஒட்டி அந்தப் பிற்பகலில் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தபோது, என் மாணவியின் தொப்பி ஏறக்குறைய மூன்று வினாடிகள் அசையாமல் இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைக் கொண்டு நான் ஊகித்தவை.

எதிரே வெள்ளை நிற ஒற்றையிருக்கைக் கிளைடர் ஒன்று எங்கள் உயரத்திலேயே வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. நேர் எதிரே வரும் கிளைடர் ஒரு மெல்லிய கோடாகவே தெரியும். மோதும் பாதையில் வருவது கண்ணாடியில் இடம்பெயர்வதும் இல்லை. ஒரே புள்ளியில் நின்று மெல்லப் பருக்கும். பசிபிக் காற்று நூறு மீட்டர் உயரச் செங்குத்தில் மோதி மேலெழும் பட்டை மிகக் குறுகலானது. விளிம்பைத் தாண்டி நிலத்தின் பக்கம் போனால் காற்று கீழ்நோக்கிச் சுழலும், கடலின் பக்கம் அதிகம் விலகினால் ஏற்றம் தீர்ந்துவிடும். எனவே எல்லோரும் ஒற்றையடிப் பாதையில் எதிரும் புதிருமாக நடப்பவர்களைப் போலத்தான் அங்கே பறந்துவந்தோம். முகடு யாருக்கு வலப்புறம் இருக்கிறதோ அவருக்கு ஒதுங்க இடமில்லை. அவருக்கு வழிவிட வேண்டியது முகட்டை இடப்புறம் வைத்திருப்பவரின் கடமை. அன்று முகடு எங்களுக்கு இடப்புறம் இருந்தது. வலப்புறம் கடலை நோக்கித் திரும்ப வேண்டியவர்கள் நாங்கள்தான்.

தொப்பி அசையவில்லை, இறக்கையும் சாயவில்லை. "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, கிளைடரைத் திருப்பும் பிடியான ஸ்டிக்கைப் பிடித்து வலப்புறம் சாய்த்தேன். வாக்கியம் முடிவதற்குள் கிளைடர் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். எதிரே வந்தவர் இறக்கையை மெல்ல அசைத்து நன்றி தெரிவித்துவிட்டுக் கடந்து போனார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது மிகச் சாதாரணமான வழிவிடலாகவே தோன்றியிருக்கும்.

இறங்கிய பிறகு, ஓடுபாதையிலிருந்து கிளைடரைத் தள்ளிக்கொண்டு போனோம். மாணவி இறக்கை நுனியைப் பிடித்திருந்தார், நான் விமானியறையின் ஓரத்தில் கைவைத்திருந்தேன். அதனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. "எதிரே வந்தவரை நான் முன்பே பார்த்துவிட்டேன்" என்றார். "சற்று முன்பு பாராகிளைடர் ஒன்று, துணிச்சிறகில் தொங்கிப் பறப்பவர், கடல் பக்கம் போனது. அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் திருப்பும்போது வலப்பக்கம் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மாலை அவருடைய பறப்புக் குறிப்பேட்டில், சுற்றும் பார்க்கும் பழக்கம் மேம்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான் பார்த்தேனா? பலமுறை அந்த நொடிகளுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். வெள்ளைக் கோடு நினைவிருக்கிறது, தொப்பி நினைவிருக்கிறது, உள்ளங்கையில் ஸ்டிக்கின் அழுத்தம்கூட நினைவிருக்கிறது. வலப்பக்கத்துக் கடல் நினைவில் இல்லை. பழக்கத்தினால் தலை தானாகவே திரும்பியிருக்கலாம், அது நினைவில் பதியாமல் போயிருக்கலாம் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திரும்புவதற்கு முன் திரும்பும் பக்கத்தைப் பார் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் நான் முதல் நாளே சொல்லும் பாடம்.

என் தரப்பிலும் கணக்கு உண்டு. இரண்டு கிளைடர்களும் மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால், இடைவெளி வினாடிக்கு 55 மீட்டருக்கு மேல் குறையும். நான் கைவைத்தபோது 500 மீட்டர் இருந்தது என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வினாடிகள். எதிர்வருவதைக் கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பி முடிய 12.5 வினாடிகள் ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தரும் கணக்கு. அதன்படி நான் அவசரப்படவில்லை, தாமதித்தே இருக்கிறேன். ஆனால் அதே கணக்கைப் பிரித்துப் பார்த்தால், மோதும் பாதை என்று உணர்வதற்கு ஐந்து வினாடிகளும் முடிவெடுப்பதற்கு நான்கு வினாடிகளும் போகின்றன. அவர் சொன்னபடி அவர் முன்பே பார்த்திருந்தால், அந்த ஒன்பது வினாடிகளையும் அவர் ஏற்கெனவே கடந்திருந்தார். கண்டு அடையாளம் காண்பதற்கான ஒரு வினாடியும் போக, எஞ்சியது கை அசையவும் கிளைடர் கீழ்ப்படியவும் வேண்டிய ஏறக்குறைய இரண்டரை வினாடிகள் மட்டுமே. அவரிடம் நேரம் இருந்தது, என்னிடம்தான் இல்லை.

அதே கடற்கரையில் 1930-இல், ஆன் மாரோ லிண்ட்பெர்க் சோலடாட் குன்றிலிருந்து தனியாகக் கிளைடரில் பறந்து, முதல்தரக் கிளைடர் உரிமம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி ஆனார். அந்தக் கிளைடரில் பின்னிருக்கை இல்லை, கையிலிருப்பதைப் பறித்துக்கொள்ள வேறொருவரும் இல்லை. முன்பெல்லாம் அதைப் பாதுகாப்பற்ற காலத்தின் வழக்கமாகவே எண்ணி வந்தேன். இப்போது, கற்பவரின் கணிப்பு சரியா என்பது கடைசி வரை சென்று பார்க்காமல் எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுகிறது. ஆனால் முகட்டருகே இன்னொரு கிளைடர் எதிரே வரும்போது கடைசி வரை சென்று பார்க்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை என்பதையும் நான் உறுதியாக நம்புகிறேன். மறுபடியும் அதே நிலை வந்தால் மறுபடியும் கைவைப்பேன். கைவைத்தது தவறென்று நான் நினைக்கவில்லை. என்னை உறுத்துவது, கைவைத்ததற்கும் இறங்கியதற்கும் பிறகு, தரையில் எந்த அவசரமும் இல்லாதபோது நான் சொன்ன ஒரு சொல்.

இப்போது என் மாணவர்களிடம், கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். பின்னிருக்கைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சிலர் சொல்லி முடித்ததும் பார்ப்பதையும் முடித்துக்கொள்கிறார்கள். இது நல்ல வழக்கமா, என் அச்சத்தைத் தணிப்பதற்காக நான் அவர்கள்மேல் சுமத்தியதா என்று தெளிவாகச் சொல்ல இயலவில்லை.

அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் என்னோடு பறந்தார். முகட்டை ஒட்டித் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தபோது, எனக்கு இன்னும் புள்ளியாகக்கூடத் தெரியாத தொலைவில் ஒரு கிளைடர் வரும்போதே "எதிரே ஒருவர், பார்த்துவிட்டேன்" என்றார். பிறகு தொப்பியை முழுமையாக வலப்புறம் திருப்பி, எனக்குத் தெரியும்படி சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, "வலப்பக்கம் யாரும் இல்லை" என்றார். சரி என்றேன். அவருடைய குறிப்பேட்டில் நான் எழுதிய அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.