டப்பாவைத் திறக்கக் கூடாது

கண்ணுக்குத் தெரியாத பரப்பை வரைபடமாக்கச் சொல்லித்தர ஒரு ஷூ டப்பா போதும். உள்ளே களிமண்ணில் ஒரு மலை, ஒரு பள்ளம், கொஞ்சம் சமவெளி. மூடியில் 2 செ.மீ. இடைவெளியில் வரிசையாகத் துளைகள். சுற்றிலும் டேப். குழுவுக்கு ஒரு மூங்கில் குச்சி, அதில் சென்டிமீட்டர் கோடுகள். முட்டும்வரை இறக்கு, எவ்வளவு உள்ளே போனது என்று குறி, அந்த எண்ணுக்கேற்ப கட்டத்துக்கு வண்ணம் அடி. நிபந்தனை ஒன்றுதான்: டப்பாவைத் திறக்கக் கூடாது.

அதைச் சொன்ன நொடியிலிருந்து வகுப்பின் மொத்த மூளையும் திறப்பதில்தான் வேலை செய்தது. ஒருவன் குலுக்கினான். ஒருத்தி துளையில் மூக்கை வைத்து முகர்ந்து, "மண்ணு மிஸ்" என்று அறிக்கை தந்தாள். கடைசி பெஞ்சுக்காரன் நேராகவே கேட்டான்: "நீங்க பாத்துட்டீங்கல்ல மிஸ், சொல்லிடுங்களேன்."

கடலடியை யார் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள் என்றேன். கடல்களை ஆராய 1872-இல் கிளம்பிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் கயிற்றில் எடையைக் கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். 1875-இல் பசிபிக் கடலின் ஆழமான பள்ளமான மரியானா அகழிப் பக்கம் கயிறு 8,000 மீட்டருக்கு மேல் இறங்கியது. "கயிறு பத்தலைன்னா?" என்றான் அதே கடைசி பெஞ்சு. அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான்.

ஒரு வழியாக வேலை நடந்தது. ஒரு குழு, குச்சி உள்ளே போன அளவையே உயரம் என்று எடுத்துக்கொண்டு, மலை இருந்த இடத்தில் கிணறு வெட்டி வைத்திருந்தது. டப்பாவின் உயரத்திலிருந்து கழிக்க வேண்டும் என்றதும் அத்தனை வண்ணத்தையும் அழித்தார்கள். தாளும் கிழிந்தது. இன்னொருவனுடைய அட்டவணையில் ஒரு வரிசை முழுக்க 5, 5, 5, 5. குச்சியே விடாமல் எழுதினாயா என்றால், "சமவெளி மிஸ்" என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

உண்மையான சண்டை துளைகளுக்கு நடுவில்தான். இரண்டு துளைகளுக்கு இடையே ஒரு துண்டுப் பென்சிலைச் செங்குத்தாக நட்டு வைத்திருந்தேன். நேராக விட்ட குச்சிகள் எதிலும் அது படவில்லை. ஒருத்தி மட்டும் குச்சியைச் சாய்த்து விட்டுக் கண்டுபிடித்தாள். பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாய்த்து விடுவது கள்ள ஆட்டமாம், அவள் சொல்வது கற்பனையாம்.

மேரி தார்ப் கதையைச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. 1950-களில், கப்பல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துவந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் அடித்தளத்தை வரைந்தவர். நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பிளவு இருக்கிறது என்றார். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன், இதெல்லாம் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். அப்புறம் நிலநடுக்கம் நடந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் அவையும் அதே பிளவின் மேல் வரிசையாக விழுந்தன. ஹீசன் இறங்கி வந்தார். கதை முடிந்ததும் பென்சில்காரி பையன்கள் பக்கம் திரும்பிய பார்வையை நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். "உள்ள என்ன? திறங்க பாக்கலாம்" என்றார். "திறக்கக் கூடாது சார்!" என்று வகுப்பே கத்தியது. இவ்வளவு நேரம் திறக்கத் துடித்த அதே வகுப்பு! ஒரு குச்சியையும் அவர் கையில் திணித்தார்கள். ஒரே துளையில் மறுபடி மறுபடி குத்தினார். ஒவ்வொரு தடவையும் எண் கூடிக்கொண்டே போனது. குச்சி சரியில்லை என்றார்.

"குச்சி நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள் பென்சில்காரி, ரொம்ப மரியாதையாக. "களிமண்ணு இன்னும் காயல. நீங்கதான் பள்ளம் தோண்டிட்டு இருக்கீங்க."