சிவப்புக்கு அடியில் ஒரு 7

போன மாதம் முழுக்க ஒரே ஒரு கதவோடுதான் உட்கார்ந்திருந்தேன். 1950களின் அலுமினிய பாடி ஸ்போர்ட்ஸ் கார், சக்கரம் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றிருந்ததை நண்பரும் நானும் சேர்ந்து எடுத்தோம். ரேஸில் ஓடிய கார் என்பதற்கு அன்று விற்றவரின் வாய்வார்த்தை மட்டும்தான் ஆதாரம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, சிவப்புக்கு அடியில் சாம்பல் நிற பிரைமர், அதற்கும் அடியில் ஒரு வெள்ளை வட்டத்தின் ஓரம் தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ரேஸ் எண் எழுதும் வட்டம் அது! இன்னும் இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்ததும் கறுப்பில் ஒரு 7 வெளியே வந்தது. யாரோ கையால் எழுதியது, பிரஷ் இழுத்த கோடுகூட அப்படியே இருக்கிறது.

ரேஸ் காரைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி தடயங்களைத்தான், பளபளப்பை அல்ல. எடையைக் குறைக்க பெடலில் போட்ட துளைகள், அதிர்வில் கழன்றுவிடாமல் கம்பி கோத்துக் கட்டுவதற்காகத் துளைத்த போல்ட் தலைகள், டாஷ்போர்டில் ஏதோ மீட்டர் இருந்து பிறகு அடைக்கப்பட்ட ஓட்டை. அப்புறம் பழைய ரேஸ் புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ரிவெட் வரிசையை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். காரின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது, எண்ணைப் புதிதாக அடிப்பது சுலபம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரேஸ் டீம்கள் காரை ஒரு கருவியாகத்தான் பார்த்தன, மோதினால் வெட்டி ஒட்டுவார்கள், இன்ஜினை மாற்றுவார்கள், அடுத்த வாரம் மறுபடி ஓட்டுவார்கள். அப்படியானால் எது அசல்? 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் வென்ற, பென்ட்லி கம்பெனியின் 'ஓல்ட் நம்பர் ஒன்' கார் விஷயத்தில் இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. வென்றபோது இருந்த பாகங்களில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதால் அதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது.

அதனால்தான் எல்லாவற்றையும் உரித்துப் புதுசாக்கிவிடும் ரெஸ்டோரேஷன் எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவின் ஷெல்பி கம்பெனி 1960களில் ரேஸுக்காகச் செய்த கோப்ரா டேடோனா கூப்பே கார்கள் ஆறுதான் உண்டு, அதில் முதல் கார் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரு கிடங்கில் கிடந்தது. இப்போது ஃபிலடெல்ஃபியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில், ரேஸ் ஓடிய தழும்புகளோடு புதுசாக்கப்படாமலேயே நிற்கிறது.

ஆனால் ஓட்டப்போகிற காரில் சிலவற்றை விட்டுவைக்க முடியாது. பழைய மெக்னீசியம் சக்கரம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் சாயம் ஊற்றிச் சோதித்தால் முடிபோன்ற விரிசல் சிவப்பாக எழும்பும். எங்கள் காரில் இரண்டு சக்கரங்கள் அப்படிப் போயின. பிரேக் குழாய், ரப்பர், பெட்ரோல் டேங்க் எல்லாம் கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டியவை. இறுகிப்போன இன்ஜினை மட்டும் தயவுசெய்து ஸ்டார்ட்டர் போட்டுத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் அசைத்துப் பாருங்கள். எங்களுடையது பதினோராவது நாள் காலையில் ஒரு விரற்கடை நகர்ந்தது, நண்பர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

இப்போது இருவருக்கும் ஒரே வாக்குவாதம்தான், மீதி காரை என்ன செய்வது என்று. நண்பருக்கு முழுதும் பெயின்ட் அடிக்க ஆசை. சரி, மற்ற பக்கங்களைப் பேசிக்கொள்ளலாம். அந்தக் கதவில் மெழுகு தவிர வேறு எதையும் பூச நான் விடப்போவதில்லை.