முதலில் அட்டவணையைப் போடுங்கள்

மதுரை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி இருபது லட்சம் பேராவது வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு அவ்வளவு இல்லை என்றார்கள். கோவைக்கும் அதே பதில்தான். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் டீக்கடைப் பேச்சு முழுக்க மெட்ரோ. அவரவர் கட்சிக்கு ஏற்றபடி கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் பாதிதான் வருகிறது. நான் சோழவந்தானிலிருந்து சீசன் டிக்கெட்டில் மதுரைக்கு வந்து போகிற ஆள். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். என் கவலை வேறு.

அந்தத் திட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் திருமங்கலத்திலிருந்து மதுரை ஜங்ஷன் வரைக்கும் ஏற்கெனவே ரயில் ஓடுகிறது. 2023இல் இரட்டைப் பாதை வேலையும் முடிந்தது. மேலே மின்சாரக் கம்பி இருக்கிறது, நடுவில் திருப்பரங்குன்றத்தில் ஸ்டேஷன் இருக்கிறது. ஆபீஸ் போகிற நேரத்துக்கு அடிக்கடி வண்டி மட்டும்தான் இல்லை. ஜங்ஷனைத் தாண்டி மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, உயர் நீதிமன்றக் கிளை என்று போகிற வடகிழக்குப் பக்கத்தின் கதை வேறு. அங்கே தண்டவாளமே கிடையாது. மேலூர்க்காரர்கள் ரயில் ஏற மதுரைக்குத்தான் வரவேண்டும். அந்தப் பாதிக்கு மெட்ரோ கேட்டு யாராவது மனு கொண்டுவந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. தெற்குப் பாதிக்கு ரயில்வே கால அட்டவணையில் சில வரிகள் போதும்.

இதற்கு முன்னால், 2025 மார்ச்சில், தமிழக பட்ஜெட்டில் மித அதிவேக ரயில் என்று மூன்று தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவித்தார்கள். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாக சேலம். மதுரையின் பெயர் இல்லை. பக்கத்து மேசைக்காரர் இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சரி, வருத்தம் நியாயம்தான். ஆனால் அதற்கு முன்மாதிரியான டெல்லி–மீரட் தடத்தையும் பார்க்க வேண்டும். 82 கிலோமீட்டர், பெரும்பாலும் தூண்மேல் தனிப்பாதை, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், செலவு முப்பதாயிரம் கோடி. வாடிப்பட்டியில் ஏறி மதுரையில் இறங்குகிறவருக்கு 160 எதற்கு? அவர் கேட்பது ஏழே காலுக்கு ஒரு வண்டி, அதை விட்டால் ஏழே முக்காலுக்கு இன்னொன்று.

மதுரை ஜங்ஷனிலிருந்து நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது. வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல். தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர். இந்த இரண்டும் சேர்ந்தது முழுக்க இரட்டைப் பாதை, ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கிழக்கே சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை என்று போவது ஒற்றைப் பாதை. (கீழடிக்குப் பக்கத்து ஸ்டேஷன் சிலைமான்தான். அருங்காட்சியகம் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?) மேற்கே வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடிநாயக்கனூர். அதுவும் ஒற்றைப் பாதை. நகரத்தைச் சுற்றி இப்படித் தடம் கிடக்கிற ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

போடிப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1928இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மூடினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த ரயிலுக்கு ஊரே திரண்டு மாலை போட்டது. அப்புறம்தான் அட்டவணையைப் பார்த்தார்கள். காலையில் வண்டி மதுரையிலிருந்து கிளம்பிப் போடிக்குப் போகிறது, சாயங்காலம் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறது.

தேனிக்காரர்கள் மதுரைக்கு எதற்கு வருகிறார்கள்? ராஜாஜி மருத்துவமனைக்கு, கல்லூரிக்கு, கோர்ட்டுக்கு, வேலைக்கு. எல்லாமே காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற சோலி. இந்த வண்டியில் வந்தால் ராத்திரி மதுரையில் தங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆபீஸுக்கு உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ரயில் வந்த புதிதில் அவரிடம், “இனிமே ஜாலிதான்ணே, சீசன் எடுத்துரலாம்” என்றேன். “எடுக்கலாம் தம்பி. வேலையைப் போடியில மாத்திக் குடு, எடுக்குறேன்” என்றார்.

இதற்குப் பின்னால் சதி எதுவும் இல்லை. ஒரு வண்டி ராத்திரி எந்த ஊரில் தூங்குகிறதோ அந்த ஊரிலிருந்துதான் காலையில் கிளம்பும். மதுரையில் வண்டியைக் கழுவவும் பார்க்கவும் வசதி இருக்கிறது, ஓட்டுநர்களும் இங்கே இருக்கிறார்கள். நிர்வாகம் பண்ணுகிறவர்களுக்கு வண்டியை இங்கேயே தூங்க வைப்பது சுலபம். பயணிகளுக்கோ அது கடைக்கோடி ஊரில் தூங்கினால்தான் பிரயோசனம். ஆகவே புறநகர் ரயில் திட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பது. திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் போடியிலும் மானாமதுரையிலும் நாலு வண்டி நிற்க இடமும், ஓட்டுநர்கள் படுத்து எழ ஒரு கட்டடமும் கட்டுங்கள். அதற்குத் தூண்மேல் பாலம் தேவையில்லை.

கணக்குப் பார்க்கிறவன் என்பதால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். திண்டுக்கல்–விருதுநகர் ஒரு வழிக்கு எல்லா ஸ்டேஷனிலும் நின்று போக இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் இருபது நிமிஷம் ஓய்வு. ஒரு சுற்றுக்கு 280 நிமிஷம். மணிக்கு ஒரு வண்டி விட ஐந்து ரேக் (பெட்டிகள் கோத்த முழு ரயில்) போதும், அரை மணிக்கு ஒன்று என்றால் பத்து. உபரியாக ஒன்றிரண்டு. காலை மாலை அரை மணிக்கு ஒன்று, நடுப்பகலில் மணிக்கு ஒன்று என்றால் நடுப்பகலில் பாதி வண்டிகளைக் கழுவித் துடைக்கலாம். மெமு வண்டியாக, அதாவது தனி எஞ்சின் இல்லாத மின்சார ரயிலாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். எஞ்சின் இழுக்கிற பழைய பாசஞ்சர் ஸ்டேஷனை விட்டு வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். மெமுவில் ரயில் நெடுகப் பல பெட்டிகளில் மோட்டார் இருப்பதால் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். பத்துப் பன்னிரண்டு இடத்தில் நிற்கிற வண்டிக்கு அந்த மிச்சம் பெரிது.

இன்னொன்று, இந்த வண்டிகள் மதுரையோடு நின்றுவிடக் கூடாது. திண்டுக்கல் வண்டி ஒன்று, விருதுநகர் வண்டி ஒன்று என்று தனித்தனியாக மதுரையில் முடித்தால் ஒவ்வொன்றும் பிளாட்பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நேராக ஊடே ஓடினால் நாலு நிமிஷத்தில் இடம் காலி. ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்கு இருக்கிற போட்டியைத் தினமும் கூடல்நகரில் சிக்னலுக்காகக் காத்துக் கிடக்கிறவர்கள் நன்றாக அறிவார்கள்.

உண்மையான சிக்கல் சிக்னலில் இருக்கிறது. சாதாரண ஏற்பாட்டில் முன்னால் போன வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்த பிறகுதான் பின்னால் வருவதற்கு வழி கிடைக்கும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் பத்து கிலோமீட்டர் இருந்தால் அந்தப் பத்துக்குள் ஒரே வண்டி. காலையில் சென்னையிலிருந்து வருகிற ராத்திரி எக்ஸ்பிரஸ்கள், இங்கிருந்து சென்னைக்குக் கிளம்புகிற வைகை, தெற்கேயிருந்து வருகிற வந்தே பாரத், சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் நடுவே நின்று நின்று போகிற வண்டியை நுழைத்தால் அது மற்றவற்றுக்கு வழிவிட்டு ஸ்டேஷன் பக்கவாட்டு லூப் பாதையில்தான் கிடக்கும். சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் இருப்பதுபோல் தானியங்கி சிக்னல் போட்டால் ஒரு கிலோமீட்டர் சுமார் இடைவெளியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். திறப்பு விழாவில் காட்ட அழகாக இருக்காது என்பது வேறு விஷயம்.

நீண்ட தூர வண்டியோடு உள்ளூர் வண்டியை முடிச்சுப் போடுவதும் நிற்க வேண்டும். 2022இல் மதுரை–செங்கோட்டை வண்டியையும் மயிலாடுதுறை–திண்டுக்கல் வண்டியையும் ஒன்றாக இணைத்தார்கள். மயிலாடுதுறைக்காரர் ஒரே வண்டியில் தென்காசி போகலாம், நல்லதுதான். ஆனால் சாயங்காலம் விருதுநகருக்கும் ராஜபாளையத்துக்கும் திரும்புகிறவர்கள் கும்பகோணத்தில் ஆன தாமதத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிறது.

ஸ்டேஷன்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். நோயாளிகள் முழு அளவில் வர ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அங்கே ஒரு நிறுத்தம் வேண்டும். போடிப் பாதையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்காக ஒன்று. மற்றபடி இருக்கிற ஸ்டேஷன்களுக்கு நிழலும் கழிப்பறையும் வெளிச்சமும் போதும். கூடல்நகரில் இறங்கி விளாங்குடிப் பக்கம் போகிற கல்லூரிப் பெண்கள் ஏழு மணிக்கு மேல் அந்த வழியில் தனியாக நடக்கத் தயங்குகிறார்கள். இதற்குத் திட்ட அறிக்கை எழுதத் தேவையில்லை, விளக்குக் கம்பம் நட்டால் போதும்.

பஸ்ஸோடு ஒப்பிட்டால் ரயிலுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. விருதுநகர் பஸ் மாட்டுத்தாவணியில் விடும், தேனி பஸ் ஆரப்பாளையத்தில் விடும், அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ரயில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும், மாசி வீதிகளுக்கு நடந்தே போய்விடலாம். மாதச் சீசன் டிக்கெட் ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணம்தான். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டுப் பத்து ரூபாய்க்குப் பதில் முப்பது வாங்கியபோது, சமயநல்லூர்ப் பக்கம் சில்லறைச் சோலிக்குப் போய் வருகிறவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். 2024 பிப்ரவரியில் பழையபடி பத்து ஆனது. மாறிப்போன எல்லாரும் இன்னும் திரும்பவில்லை. சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ‘சென்னை ஒன்’ என்று ஒரே செயலியில் டிக்கெட் கொடுக்கிறார்கள். இங்கே முதலில் அரை மணிக்கு ஒரு வண்டி வரட்டும், செயலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கால அட்டவணையைத் திருத்துகிற சமயம் வந்தால் பயணிகள் சங்கங்கள் சென்னைக்கு இன்னொரு எக்ஸ்பிரஸ், பெங்களூருக்கு இன்னொன்று என்றுதான் மனு எழுதும். இந்த முறை போடி வண்டியைத் திசை திருப்புவதை முதல் கோரிக்கையாக எழுதச் சொல்லியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குள் மதுரை ஜங்ஷன் என்று நான் எழுதியிருந்ததை உசிலம்பட்டி அண்ணன் அடித்துத் திருத்தினார். “எட்டே காலுன்னு எழுது தம்பி. ஒம்பதுன்னு எழுதினா ஒம்பதே முக்காலுக்குத்தான் வரும்.”