கிரில் குழாய் எரிவாயுவுக்கு மாறிய கதை

மார்ச் 3
விருந்தின் நடுவே சிலிண்டர் தீர்ந்துபோவது இது மூன்றாவது முறை. சமையலறைக்குக் குழாயிலேயே இயற்கை எரிவாயு வருகிறது. கிரில் மட்டும் ஏன் புரொப்பேன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? டியூபை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 5
முடியாதாம். ஒரு கன மீட்டர் புரொப்பேன் எரிந்தால் சுமார் 93 மெகாஜூல் வெப்பம். இயற்கை எரிவாயு என்றால் சுமார் 38தான். அழுத்தமும் குறைகிறது: பழைய ரெகுலேட்டர் 11 அங்குல உயர நீரின் அழுத்தம், புதியது 4. ஆக, அதே சூடு வர ஜெட்டின் (பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சின்ன முனை) துளைப் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காக வேண்டும். விட்டத்தில் 1.6 மடங்கு.

மார்ச் 9
ஜெட்டுகளைக் கழற்றினேன். சுண்டுவிரல் நகம் அளவுப் பித்தளைத் துண்டு. விளக்குக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம். 1 மி.மீ. டிரில் பிட் நுழைந்தது, 1.1 நுழையவில்லை. பெட்டியில் 1.6 இருந்தது. கை துறுதுறுத்தது. ஆனால் துளை கொஞ்சம் கோணினாலும் வாயு பர்னர் குழலின் சுவரில் மோதும், காற்றோடு ஒழுங்காகக் கலக்காது. தயாரிப்பாளரின் ஜெட் செட்டுக்கே சொல்லிவிட்டேன். ஒரு பர்னர் குழலுக்குள் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் காலி செய்தேன்.

மார்ச் 16
புது ஜெட்டுகள் மாட்டியாயிற்று. உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டர் வந்து வெளியே லைன் இழுத்து வால்வு வைத்தார். கிரில் பக்கத்து இணைப்பு மட்டும் என் கைவேலை. சோப்புத் தண்ணீர் தடவியதும் அங்கேதான் ஒரு குமிழி மெதுவாக ஊதி, மிளகு அளவாகி, பட்டாணி அளவாகி, உடைந்தது. என் மூக்குக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஃபிட்டர் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். குழாய் முனை புனல்போல் விரிந்திருக்கும் ஃபிளேர் இணைப்பில் கசிவடைக்கும் டேப் சுற்றி வைத்திருந்தேன். அங்கே உலோகம் உலோகத்தோடு உட்கார வேண்டும், டேப் அதைக் கெடுக்கும். உரித்துவிட்டு இறுக்கினார். குமிழி இல்லை.

மார்ச் 17
பற்றவைத்தேன். சுடர் பர்னரை விட்டு எழும்பி, உஸ்ஸென்று இரைந்தது. புரொப்பேனுக்கு ஒரு பங்குக்கு 24 பங்கு காற்று தேவை. இதற்கு 10 போதும். காற்றுத் திறப்பை நூல் நூலாக மூடிக்கொண்டு வந்தேன். அரைவாசியில் சத்தம் அடங்கி, நீலச் சுடர் துளைகளோடு ஒட்டி நின்றது. அரை மணி நேரம் குந்தியதில் முழங்கால் போய்விட்டது.

மார்ச் 18
பக்கவாட்டு அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தால் கொதிக்கவே மாட்டேனென்கிறது. சுடர் சோனியாக எரிகிறது. வால்வில் கோளாறு என்று கையேட்டைப் புரட்டினேன். அப்புறம்தான் ஜெட் உறை கண்ணில் பட்டது: நான்கில் மூன்றுதான் மாட்டியிருக்கிறேன்.