பரளிக்காட்டில் ஆறிப்போன களி

கோவையில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனத்தில் 4 வருடம் இருந்தேன். சனி, ஞாயிறுகளில் கம்பெனி ஊழியர்களைப் பரளிக்காட்டுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலையேறினால் பில்லூர் அணைத் தேக்கம்; அதன் கரையில்தான் பரளிக்காடு. முன்பதிவு வனத்துறை வழியாக. பரிசல் ஓட்டுவதும் மதியச் சாப்பாடு ஆக்கிப்போடுவதும் அங்குள்ள இருளர் குடும்பங்கள். கோவையில் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவது இந்தப் பில்லூர்த் தண்ணீர்தான் என்று வேனில் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள்.

"நீங்க குடுக்கற காசு ஊருக்குள்ளயே நிக்குது" என்றும் பெருமையாகச் சொல்வேன். ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு 40 பேர் வரவேண்டியது. வெள்ளி ராத்திரி 10 மணிக்கு மேல் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மலையில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. விடிந்ததும் நானே பைக்கில் கிளம்பினேன். வழியில் பஞ்சர் வேறு. போய்ச் சேர்ந்தபோது ராகிக் களி உருட்டித் தூக்கில் அடுக்கியாகிவிட்டது. கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஊஞ்சல் கட்டிய மரத்தடியில் துடுப்பும் கையுமாக ஆறேழு பேர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல் பார்த்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இலையைப் போட்டு, "மொதல்ல உக்காந்து சாப்புடுங்க தம்பி" என்றார். அந்தக் களி தொண்டையில் இறங்கினால்தானே!

சாப்பிட்டு முடித்தபிறகுதான் கணக்கு வந்தது. கோழி, கடனுக்கு வாங்கியது. அவரோடு வந்த இரண்டு பெண்களுக்கு அன்றைக்குப் பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை இருந்திருக்கிறது. எங்களை நம்பி அதை விட்டுவிட்டு வந்தவர்கள். பரிசல்காரர்களுக்கு முறை போனது போனதுதான். அடுத்த முறை எப்போது வருமோ. மழைக்காலத்தில் அணை நிரம்பினால் பரிசலே கிடையாது. நாங்கள் விடுமுறை என்று சொல்லும் இரண்டு நாளில் அவர்களுடைய வார வருமானத்தின் பெரும்பங்கு அடகில் கிடக்கிறது. ஊருக்குள் காசு நிற்பது நிஜம். நட்டமும் ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதை எங்கள் விளம்பரத்தாளில் நான் எழுதியதில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் சண்டை போட்டேன். கடைசி நேரத்தில் ரத்தானால் முழுச் சாப்பாட்டுக் காசும் அங்கே போகவேண்டும் என்று. பாதிக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா எண்ணிப்பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். "அடுத்த வாட்டி எத்தன பேருன்னு வியாழக்கெழமையே சொல்லிப்போடுங்க தம்பி. கோழிக்கடக்காரருக்கு நாந்தான் பதில் சொல்லோணும்."