தறி மிதிச்ச காலு

எங்க சென்டர் மதுரை அழகர்கோவில் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, மனநோய்க்கு வைத்தியம் பாக்குறவங்க பகல் பூரா இருந்துட்டு சாயங்காலம் வேன்ல வீட்டுக்குப் போயிருவாங்க. நான் சேர்ந்தப்ப கையில இருந்தது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி படிப்பு) சர்டிபிகேட்டும், காலேஜ் நாள்ல கைச்செலவுக்கு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டான்ஸ் சொல்லிக் குடுத்த பழக்கமும்தான்.

மொத நாளே ப்ளூடூத் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்ட ஃபுல் வால்யூம்ல விட்டு ஒன் டூ த்ரீன்னு ஆரம்பிச்சுட்டேன். ஒருத்தர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சமையக்கட்டு பக்கம் ஓடிட்டாப்ல, ஒரு பிள்ளை அழ ஆரம்பிச்சுருச்சு. நர்ஸ் அக்கா வந்து பாட்ட நிறுத்திட்டு, "ஏந்தம்பி, அவங்களுக்கு காதுக்குள்ள ஏற்கனவே ஆயிரம் சத்தம், நீ வேற ஏய்யா"ன்னாங்க. மூஞ்சில ஈயாடல எனக்கு.

அதுக்கப்புறம்தான் எங்க சென்டர் டாக்டர், டான்ஸ வைத்தியமா செஞ்ச மரியன் சேஸ்ங்கிற அம்மாவப் பத்தி கொஞ்சம் ஜெராக்ஸ் குடுத்தாரு. அமெரிக்காவுல 1896ல பொறந்தவங்க, சின்ன வயசுல தண்ணியில டைவ் அடிக்கப் போயி முதுகுல அடிபட்டு, டாக்டர் டான்ஸ் ஆடச் சொன்னதால டான்ஸுக்குள்ள வந்தவங்க. வாஷிங்டன்ல க்ளாஸ் நடத்துறப்ப, மேடையேற ஆசையே இல்லாத பிள்ளைகளும் வருதே, அப்ப இதுக எதுக்கு வருதுன்னு யோசிச்சிருக்காங்க. அந்த ஒரு கேள்விதான் அவங்கள 1942ல செயின்ட் எலிசபெத்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போய் விட்டுச்சுன்னு நான் நெனைக்கிறேன். உலகப்போர்ல இருந்து மனசு ஒடஞ்சு திரும்புன சிப்பாய்ங்க நெறஞ்ச நேரம், இன்னைக்கு நாங்க குடுக்குற மாத்திரைல பெரும்பாலும் அப்ப கெடையாது, மனநோய்க்குக் குடுக்குற குளோர்ப்ரோமசின் மாத்திரையே 1950கள்லதான் வந்துச்சு. இந்தம்மா என்ன பண்ணாங்கன்னா, ஸ்டெப்பு சொல்லித் தரல. வட்டமா நிக்க வச்சு (நம்ம கும்மி மாதிரிதான்), ஒவ்வொருத்தர் உடம்பும் ஏற்கனவே என்ன செய்யுதோ அத தன் உடம்புல வாங்கி திருப்பிக் குடுத்திருக்காங்க. அதே 1942லதான் அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கார்ல் ரோஜர்ஸ் தன்னோட கவுன்சிலிங் முறைய புத்தகமா போட்டாரு. எதிர்ல இருக்கவங்களுக்கு வழி சொல்லாத, கூட இருந்து கேளுன்னு அவரு பேச்சுல செஞ்சத இந்தம்மா சைக்காலஜிஸ்ட் பட்டம் இல்லாமயே கை காலால செஞ்சிருக்காங்க. 1966ல அமெரிக்க நடன சிகிச்சை சங்கம் ஆரம்பிச்சப்ப மொத தலைவர் அவங்கதான், 1970ல எறந்துட்டாங்க.

படிக்க ஈசியா இருந்துச்சு. செய்யப் போனா, ஒரு அக்கா முந்தானைய முறுக்குனத நானும் அப்படியே செஞ்சு காட்ட, "என்னைய பழிக்கிறியா?"ன்னு பட்டுனு கேட்டுருச்சு. சரியான கேள்விதான். அச்சு அசலா செஞ்சா அது கிண்டல், அந்த அசைவுல என்ன பாரம் இருக்குன்னு புடிக்கணும், அது எனக்கு இன்னமும் பாதிதான் வருது.

செல்லூர்ல இருந்து ஒரு பெரியவரு வருவாப்ல. யார்ட்டயும் பேச மாட்டாரு, பெஞ்சு ஓரத்துல உக்காந்தா ரெண்டு காலும் மாத்தி மாத்தி ஆடிக்கிட்டே இருக்கும். மாத்திரை ஒத்துக்கலேன்னா இப்படி கால் நெலகொள்ளாம ஆடும்னு நாங்களே சொல்லிட்டு இருந்தோம், டாக்டர் டோஸக் கொறச்சுப் பாத்தும் நிக்கல. நான் பாட்டும் போடாம பேச்சும் குடுக்காம, ரெண்டடி தள்ளி அதே பெஞ்சுல உக்காந்து அவரு வேகத்துக்கு என் காலையும் விட்டேன். தெனமும் ஒரு கால் மணி நேரம். பாத்தவங்களுக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு காத்திருக்க மாதிரி இருந்திருக்கும். மொதல்ல திரும்பியே பாக்கல, அப்புறம் நான் நிறுத்துனா அவரும் நிறுத்த ஆரம்பிச்சாப்ல. மூணாவது வாரம் ஒருநாள் நான் வேற ஏதோ யோசனைல கால வேகமா ஆட்ட, சட்டுனு என் முட்டிய அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "மெதுவா மிதிப்பா, பாவு அந்துரும்"னாரு.

ஓடிப் போயி டாக்டர்கிட்ட சொன்னேன், அவரு பேசிட்டாருங்க சார்னு. என்ன பேசுனாருன்னு கேட்டாரு. சொன்னேன்.

"பாவுன்னா என்னப்பா?"

தறில ஓடுற நூலுன்னு ஒரு யூகம்தான், எனக்கும் சரியாத் தெரியல. மறுநாள் அவர்கிட்டயே போயி கேட்டேன். என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, பெஞ்சுல நகந்து உக்காந்து எடம் விட்டாரு.