ஆறு வாக்குத் தோல்வியும் அதன் பின் வந்த அலைச்சலும்

2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சி மன்றத் தேர்தலில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு வட்டாரத்தில் சுயேச்சைக் குழு வேட்பாளராக நின்று ஆறு வாக்குகளால் தோற்றேன். வேட்புமனு, கட்டுப்பணம், பிரசாரம் எல்லாம் பெரிய தடங்கலின்றி முடிந்தன. அவற்றைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. வாக்கெண்ணும் நிலையத்திலும் அதற்குப் பின்னும் நடந்தவையே எழுத வேண்டியவை. தோற்றவர் தோல்வியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்று நமது தேர்தல் சட்டம் எங்கும் கேட்பதில்லை. ஆனால் ஒருவரையொருவர் தினமும் முகம் பார்த்து வாழ வேண்டிய ஊரில், தோற்றவர் வாய் திறக்கும் வரை தேர்தல் முடிவதுமில்லை.

எங்கள் ஆதரவாளர்களின் கோபத்துக்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அந்த மார்ச் மாதத்திலேயே சபைகளின் பதவிக்காலமும் முடிந்துபோனதால், ஒரு தெருவிளக்குக்குக்கூட உறுப்பினர் என்று ஒருவரிடம் போய்க் கேட்க வழியில்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து, அதுவும் ஆறு வாக்குகளால் தோற்பதென்றால், 'இதில் ஏதோ நடந்திருக்கிறது' என்ற எண்ணம் யாருக்கும் வரும். செல்லுபடியற்றவை என்று நிராகரிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகள் பத்தொன்பது என்ற செய்தி வெளியே வந்ததும் அந்த எண்ணம் உறுதியாகிவிட்டது.

அந்தப் பத்தொன்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டார வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியின் பெயரும் சின்னமும், சுயேச்சைக் குழுவாயின் அதன் இலக்கமும் சின்னமும் மட்டுமே இருக்கும். வாக்காளர் ஒரேயொரு புள்ளடி (X) இட வேண்டும். நிராகரிக்கப்பட்டவற்றுள் சில வெறுமையாக இருந்தன. சிலவற்றில் இரண்டு சின்னங்களுக்குப் புள்ளடி இருந்தது. ஒரு சீட்டு மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் சின்னத்துக்கும் அதற்கு மேலிருந்த சின்னத்துக்கும் இடையிலுள்ள கோட்டின் மேல், நடுங்கிய கையால், புள்ளடியின் இரு கால்களும் இரு கட்டங்களிலும் ஊன்றியிருக்கும்படி அது போடப்பட்டிருந்தது. அலுவலர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, வாக்கெண்ணலைக் கண்காணிக்க வந்திருந்த எங்கள் முகவரும் எதிர்த்தரப்பு முகவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். அந்த வாக்கு யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சீட்டுகளைப் பார்ப்பதற்கே வாதாட வேண்டியிருந்தது. அங்கிருந்த அலுவலர் ஒருவர், "நேரமாகுது தம்பி, நாங்க ஒழுங்காத்தான் எண்ணியிருக்கிறம்" என்று சொல்லி, நிராகரிக்கப்பட்டவற்றை உறையிலிட்டு முத்திரையிடத் தொடங்கிவிட்டார். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அதிகாலையிலிருந்து உட்காராமல் நின்ற மனிதர். ஆயினும் அந்த உறை எங்கள் முகவரின் கண் முன்னால் ஒவ்வொரு சீட்டாகப் பார்க்கப்படாமல் மூடப்பட்டிருந்தால், பிற்பாடு என் ஆதரவாளர்களிடம் நான் சொன்ன ஒரு சொல்லுக்கும் பெறுமதி இருந்திருக்காது. எங்கள் முகவர் குரலை உயர்த்தாமல், ஆனால் இடத்தை விட்டு நகராமல் நின்றார். பொறுப்பாக இருந்த சிரேஷ்ட அலுவலர் வந்தார், சீட்டுகள் காட்டப்பட்டன, வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன. வித்தியாசம் ஆறாகவே இருந்தது.

இனி நிற்கப் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மீள எண்ணும்படி கேட்பதென்றால் பெறுபேறு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, அந்த அறைக்குள்ளேயே கேட்க வேண்டும். வீதிக்கு வந்த பிறகு எழுப்பும் குரலால் எண்ணிக்கை மாறாது. ஆகவே வாக்கெண்ணும் முகவராக அனுப்பப்படுபவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பதைவிட, எந்தச் சீட்டு எக்காரணத்துக்காக நிராகரிக்கப்படும் என்பதை முன்கூட்டியே படித்தறிந்தவராக இருப்பது முக்கியம். எண்ணிக்கை விபரங்களை அவர் தம் கையாலேயே குறித்துக்கொண்டு வர வேண்டும். எங்கள் முகவர் குறித்து வந்த அந்த ஒற்றைத் தாள்தான் பின்னர் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

வாக்கெண்ணும் நிலையத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக முடியாதல்லவா? உள்ளே மீள எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் வெளியே வதந்தி வளர்ந்தது. வட்ஸ்அப்பில் முதலில் நாங்கள் வென்றதாகச் செய்தி பரவி, சந்தியில் வெடியும் கொளுத்திவிட்டார்கள். நாங்கள் வெளியே வந்து உண்மையைச் சொன்னபோது, கொண்டாடியவர்கள் ஏமாற்றப்பட்டவர்களாகத் தங்களை உணர்ந்தார்கள். "வென்ற தேர்தலைப் பறித்துவிட்டார்கள்" என்ற முகநூல் பதிவு என் படத்தோடே வந்துவிட்டது. வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நம்மட வோட்டையெல்லாம் வெட்டிப்போட்டாங்களாம், உண்மையா மனே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு விடியட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தியிலேயே நின்று, முகவரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை வாக்குகள், எத்தனை நிராகரிப்பு, எதற்காக நிராகரிப்பு என்று வாசித்துக் காட்டி, "இது சரியான எண்ணிக்கை, நான் தோற்றிருக்கிறேன்" என்று சொன்னேன். அதையே ஒருவர் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, வதந்தி போன அதே குழுக்களுக்கு அனுப்பினார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் அழுதான்.

வென்றவர் எனக்கு முறையில் மச்சான். இருவரும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள். நான் தொலைபேசியில் அழைத்தபோது, "மச்சான், நீங்க எடுப்பீங்கண்டு நான் நினைக்கல்ல" என்றார். மறுநாள் அவர் வீட்டு முற்றத்தில் தேநீர் குடித்தோம். இதைச் செய்ததற்காக என் பக்கத்தில் சிலர் என்னைக் குறை கூறினார்கள். ஆனால் வைகாசிச் சடங்குக்கு நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு தொடங்குவதற்கு முன் இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பந்தல் போட வேண்டும். வாக்கு மோசடி என்ற கதை அதுவரை உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பந்தலடியில் கைகலப்பு நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆதரவாளர்களை உண்மையில் ஆற்றியது என் பேச்சைவிடக் கணக்குத்தான். இந்தத் தேர்தல் முறையில் உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் கட்சிகளும் குழுக்களும் கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்தும் தெரிவாகிறார்கள். தோற்ற வட்டாரத்தில் கிடைத்த வாக்குகளும் சபை முழுவதற்குமான மொத்தத்தில் சேர்க்கப்பட்டே பட்டியல் ஆசனங்கள் பகிரப்படுகின்றன. எங்கள் வட்டாரத்து வாக்குகளும் சேர்ந்துதான் குழுவுக்கு ஓர் ஆசனம் வந்தது. அதைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது, "அப்ப நாங்க போட்டது வீணில்ல" என்று முதன்முறையாக யாரோ சொன்னார்கள். தோற்ற வேட்பாளரையும் பட்டியலில் நியமிக்கலாம் என்பதால், அந்த ஆசனத்தை நான் கேட்டு வாங்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். ஒரு பெண்ணை நியமிப்பதென்று குழு முன்னரே தீர்மானித்திருந்தது, அப்படியே நியமித்தோம்.

எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில் செலவறிக்கை வந்து நின்றது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தமக்குக் கிடைத்த பணத்தையும் செய்த செலவையும் காட்டி அறிக்கை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். நான் நேரகாலத்தோடு படிவத்தை நிரப்பிக்கொண்டு, வெயிலில் மோட்டார் சைக்கிளில் வாவி கடந்து தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்தவர் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "நீங்க வெல்லல்லத்தானே, வென்ற ஆக்கள்தான் தாறது" என்று திருப்பிவிட்டார். எழுத்தில் தருமாறு கேட்டேன், தரவில்லை. சட்டத்தில் வென்றவர், தோற்றவர் என்ற வேறுபாடு கிடையாது என்பதைச் சட்டத்தரணி நண்பர் ஒருவர் உறுதிப்படுத்திய பிறகு மீண்டும் போனபோது, வேறொருவர் இருந்தார். அவர் படிவத்தை ஏற்றார்; ஆனால் ஒலிபெருக்கி வாடகைக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர் கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்த துண்டை அவர் ஏற்கவில்லை. திரும்பி வந்து, ஒலிபெருக்கிக்காரரைக் கொண்டு திகதியும் கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் இட்ட சீட்டொன்றை எழுதுவித்து, காலக்கெடு முடியும் தறுவாயில்தான் ஒப்படைக்க முடிந்தது.

தோற்றவர்கள் பலர் இதை ஒப்படைக்காமலேயே விட்டுவிடுகிறார்கள், வாய்மொழியாகக் கிடைக்கும் இத்தகைய பதில்களை நம்பி. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். சுவரொட்டி ஒட்டியவருக்குக் கொடுத்த கூலி முதல் தேநீர்ச் செலவு வரை அன்றன்றே சீட்டு வாங்குங்கள். அறிக்கையின் பிரதியில் திகதி முத்திரை பெறாமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள்.

ஜூன் 2 ஆம் திகதி சபைகளின் பதவிக்காலம் ஆரம்பித்தது. பிரசாரத்தின்போது வீடு வீடாகக் கேட்டுக் குறித்து வைத்திருந்த கொப்பியை அந்த வாரமே மச்சானிடம் கொடுத்தேன். யானை வரும் குளக்கட்டு வழியில் விளக்கில்லாத கம்பங்கள், மழைக்கு உடையும் வடிச்சல் கான்கள், குப்பை வண்டி போகாத ஒழுங்கைகள் எல்லாம் வீட்டுக்காரர் பெயரோடு அதில் இருந்தன. குளக்கட்டில் சில விளக்குகள் போடப்பட்டுவிட்டன. மதகடியிலுள்ள கம்பத்துக்கு இன்னும் வரவில்லை. அதைப் பற்றி அவரிடமும் எங்கள் பட்டியல் உறுப்பினரிடமும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.